பிணை நிற்பார் யார்?

'பிணை' என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். ஒன்று பெண்மான், மற்றொன்று, ஒருவருக்காக மற்றொருவர் ஏற்கும் பொறுப்பு. இவ்விரு பொருளும் ஒரே காட்சியில் கூடி நிற்கும் இடம் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் உண்டு. வேடனின் பிடியில் அகப்பட்ட பெண்மான் ஒன்று, பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. காட்டுக்குள் போன மான் மீண்டு வருமா என ஐயுறுகிறான் வேடன். அப்போது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்குத் தாமே பிணை நிற்கிறார்கள். சென்ற மான் சொன்ன சொல் தவறாது கன்றுடன் திரும்புகிறது. வேடனின் நெஞ்சம் மாறுகிறது. 'மானுக்குப் பிணை நின்ற படலம்' என்னும் இப்பகுதியை நாம் வகுப்பில் நடத்துகிறோம். அதன் அணிநலம் கூறுகிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்கிறோம். ஆனால் அப்படலம் நம் வாசலுக்கு வந்து நின்றபோது நாம் என்ன செய்தோம்?

சென்ற கல்வியாண்டில் ஒரு மாலை, கும்மிடிப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கஞ்சாப் பொட்டலம் கொண்டுசென்ற வழக்கில் சிறைப்பட்டுப் பல திங்கள் கழித்து வெளிவந்தவர். சிறைக்குப் போகும் முன்னரே குடிக்கு அடிமையானவர். அந்நிலையிலிருந்து மீள முயன்றுகொண்டிருந்தார். தொழிற்சாலை ஒன்றின் உணவுக்கூடத்தில் பாத்திரம் துலக்கும் வேலை இருக்கிறதாம். நன்னடத்தைச் சான்று வேண்டுமாம். "சார், ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, போதும்" என்றார். நாம் கையெழுத்திடவில்லை. "நாளை வாருங்கள், பார்ப்போம்" என்றோம். அவர் வரவில்லை. சில வாரங்கள் கழித்து, அவருக்கு முன்னரே சிறை மீண்ட மற்றொரு பெண் அவரைக் கையோடு அழைத்துச் சென்று, "இவளுக்கு நான் பொறுப்பு" என்று ஒப்பந்தக்காரரிடம் கூறி வேலையில் அமர்த்தினார் என அறிந்தோம். பட்டமும் பதவியும் பெற்ற நாம் நிற்க அஞ்சிய இடத்தில், எழுத்தறியாப் பெண்ணொருத்தி பிணை நின்றாள். இக்கட்டுரை அந்த நாணத்தில் பிறந்தது.

எல்லையோரத்து வாழ்வு

1997 இல் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகிய திருவள்ளூரின் வடகோடியில் உள்ளது கும்மிடிப்பூண்டி. சென்னையையும் கொல்கத்தாவையும் இணைக்கும் நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் அதன் வழியே செல்கின்றன. சிப்காட் தொழிற்பேட்டையின் உருக்காலைகளும் பிற ஆலைகளும் ஆயிரமாயிரம் பேருக்குச் சோறிடுகின்றன. ஆயினும் அச்சோற்றின் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலியாகவே வருகிறது. இன்று உண்டு, நாளை இல்லை என்னும் வேலை. பழைய இரும்பைப் பிரிப்பதும், பெருக்குவதும், சுமப்பதும், உணவுக்கூடத்தில் உழைப்பதும் பெரும்பாலும் பெண்கள் பங்கு. உடல்வலி தீர மாத்திரை, உறக்கம் வர ஒரு மிடறு என்று தொடங்கும் பழக்கம் எங்குப் போய் முடியும் எனத் தொடங்கும்போது எவரும் அறிவதில்லை.

எளாவூர்ச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திர எல்லை. அவ்வழியே வரும் கஞ்சாப் பொட்டலங்களை முதலாளிகள் தம் கையால் சுமப்பதில்லை. கடன்பட்ட பெண்ணொருத்தியின் துணிப்பைதான் அதற்கு வண்டி. பிடிபடுவதும் அவளே. 1985 ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி இருபது கிலோவுக்கு மேல் கஞ்சா பிடிபட்டால் அது வணிக அளவு; 37 ஆம் பிரிவின்கீழ்ப் பிணை கிடைப்பது அரிதினும் அரிது. பொட்டலத்தை அனுப்பியவன் எங்கோ இருக்க, சுமந்தவள் சிறையில் இருப்பாள்.

மதுவின் கதையும் இதனின் வேறன்று. 1937 இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948 இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971 இல் தளர்ந்தது. 1983 இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தி வருகிறது. கடைகள் பெருகியும் கள்ளச்சாராயம் ஒழியவில்லை. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மாண்டோரில் பெண்களும் இருந்தனர். விற்றதாகக் கைதானோரிலும் பெண்கள் இருந்தனர். குடித்து மாள்வதும் விற்றுச் சிறை செல்வதும் ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில் நிகழ்கின்றன.

மீண்டவனுக்குக் கதவு, மீண்டவளுக்கு?

மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரையின் கணவன் சாதுவன் சூதிலும் கணிகையிடத்தும் பொருளிழந்து, கடலோடி, நாகர் நாட்டில் ஒதுங்கி, நல்லவனாகித் திரும்புகிறான். ஆதிரை அவனை ஏற்கிறாள். காப்பியம் அவளைப் போற்றுகிறது. நன்று. ஆனால் ஆதிரை வழிதவறிப் போய்த் திரும்பியிருந்தால் அவளுக்குக் கதவு திறந்திருக்குமா? இலக்கியம் இவ்வினாவை எழுப்பவில்லை. நாம் எழுப்பியாக வேண்டும்.

ஏனெனில் இன்றும் நிலை அதுவே. ஆடவன் சிறை சென்றால் மனைவி சோற்றுப் பொட்டலத்தோடு நேர்காணலுக்குக் காத்து நிற்கிறாள். மனைவி சிறை சென்றால் காத்து நிற்போர் சிலரே. ஆடவன் குடியை விட்டால், "திருந்திவிட்டான்" என்கிறது ஊர். பெண் குடியை விட்டால், "குடித்தவள்தானே" என்கிறது. 'புழலுக்குப் போய் வந்தவள்' என்னும் ஒரு தொடர் அவள் பெயரையே அழித்துவிடுகிறது.

எண்ணிக்கையும் அவளுக்கு எதிராகவே நிற்கிறது. இந்தியச் சிறைகளில் உள்ளோரில் பெண்கள் நூற்றுக்கு நால்வர் அளவினரே. அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019 இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, ஆடவரில் நூற்றுக்கு 27.3 பேரும் பெண்களில் 1.6 பேரும் மது அருந்துவோர். சிறைக்கூடமாயினும் சிகிச்சை மனையாயினும் ஆடவரை எண்ணியே அமைகின்றன. சிறுபான்மையரின் துன்பம் எண்ணிக்கையில் சிறிது என்பதால் அளவில் சிறிதாகிவிடுமா? சிறுபான்மை என்னும் சொல்லின் பொருளைப் பிறர் சொல்லி அறிய வேண்டிய நிலையில் நாம் இல்லை.

சட்டம் திறக்கும் கதவும் அதன் எல்லையும்

சட்டம் வாளா இருக்கவில்லை என்பதையும் கூறவேண்டும். நாட்டின் சிறைவாசிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பகுதியினர் தண்டனை பெறாத விசாரணைக் கைதிகள். பிணை ஆணை கிடைத்த பின்னரும் பிணையாள் கிடைக்காமல் உள்ளிருப்போர் உண்டு. 1978 இல் மோத்திராம் என்னும் கொத்தனாரின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்ட கீழ்நீதிமன்றம், அவர் உடன்பிறந்தாரின் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என அவரைப் பிணையாளாக ஏற்க மறுத்தது. நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதனைக் கண்டித்து, ஏழைக்கு எட்டாத பிணை பிணையே அன்று என்னும் கருத்துப்படத் தீர்ப்பளித்தார். அவர் தலைமையில் அமைந்த குழு 1987 இல் பெண் கைதிகள் பற்றித் தனி அறிக்கையும் அளித்தது. 2006 இல் உச்ச நீதிமன்றம், சிறையில் உள்ள தாயுடன் குழந்தை ஆறு வயது வரை இருக்கலாம் என்றது. கன்றுக்காக ஏங்கிய மானின் குரல் அத்தீர்ப்பிலும் கேட்கிறது அன்றோ! 2010 இல் ஐக்கிய நாடுகள் அவை பெண் கைதிகளுக்கென 'பாங்காக் விதிகள்' வகுத்தது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம், உள்ளூர்ப் பிணையாளே வேண்டும் என வற்புறுத்துவது விடுதலையைத் தாமதமாக்குகிறது எனச் சுட்டியது. அவ்வாண்டே நடுவணரசு, வறிய விசாரணைக் கைதிக்குப் பிணைத்தொகையாக நாற்பதாயிரம் ரூபாய் வரை உதவும் திட்டத்தையும் வகுத்தது.

இவையெல்லாம் சிறைக்கதவைத் திறக்கும். ஆனால் கதவைத் தாண்டிய பெண் அன்று மாலை எங்குச் செல்வாள்? எந்த வீட்டில் உறங்குவாள்? பழைய கூட்டாளி வந்து கதவைத் தட்டினால் யாரிடம் சொல்வாள்? நீதிமன்ற ஆணை இவ்வினாக்களுக்கு விடை கூறாது. போதைக்கு அடிமையாயிருந்தோர்க்கு, சிறையினின்று வெளிவந்த முதற்சில வாரங்கள் மிக இடர்மிகுந்தவை என மருத்துவர் கூறுவர். உடல் பழக்கத்தை விட்டிருக்கும், மனம் விட்டிராது. முன்னைய அளவே அப்போது நஞ்சாகிவிடும். அவ்வேளையில் அருகில் ஓர் ஆள் வேண்டும்.

நீருள் இருந்து வந்தோர்

அந்த ஆள் யார்? வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதி இரு குறள்களில் இதற்கு விடை வைத்துள்ளார் என்பது நம் துணிபு. மயங்கியவனுக்கு வெளியில் நின்று காரணம் காட்டித் தெளிவூட்ட முயல்வதன் பயனின்மையை, நீரில் மூழ்கியவனைத் தீவிளக்கால் தேடும் உவமையால் ஒரு குறள் காட்டுகிறது. அடுத்த குறளோ, தெளிந்திருக்கும் வேளையில் பிறன் மயக்கத்தைக் காணும்போது தன் சோர்வை அவன் எண்ண மாட்டானா என வினவுகிறது. அறிவுரை செய்ய முடியாததை நிகரானவரைக் காணும் காட்சி செய்யும் என்பதன்றோ இதன் உட்பொருள்? உரையாசிரியர் இவ்வாறு கூறாவிடினும், இரு குறளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் இக்கருத்து தோன்றவே செய்கிறது.

1935 இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், பங்குத் தரகர் ஒருவரும் அறுவை மருத்துவர் ஒருவரும் சந்தித்தனர். இருவரும் குடிக்கு அடிமைகள். ஒருவர் மற்றவரிடம் தம் கதையைச் சொல்லச் சொல்ல இருவருக்கும் தெளிவு பிறந்தது. அச்சந்திப்பே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' இயக்கத்தின் வித்து. 1957 இல் அது இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. கட்டணம் இல்லை, பெயர் வெளியிடுவது இல்லை, உபதேசம் செய்வாரும் இல்லை. நேற்று மீண்டவர் இன்று மீள முயல்பவரின் கையைப் பற்றுகிறார், அவ்வளவே. சென்னையில் 1980 இல் மது அடிமைகளுக்கென மருத்துவமனை தொடங்கிய சாந்தி ரங்கநாதன் அம்மையார், தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். துயரை நேரில் கண்டவரே பிறர் துயர் துடைக்க முன்வந்தார்.

சிறையும் போதையும் ஒருங்கே வாட்டிய பெண்களுக்கென வழிகாட்டியவர் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சூசன் பர்ட்டன். ஐந்து வயது மகனைக் காவல்துறையினர் ஒருவர் ஓட்டிய வண்டி மோதிக் கொன்றது. அத்துயரில் அவர் போதையில் வீழ்ந்தார். பல்லாண்டுகள் சிறைக்குள்ளும் வெளியிலுமாக அலைந்தார். இறுதியில் மீண்ட அவர், 1998 இல் தம் வீட்டையே சிறை மீளும் பெண்களுக்குத் திறந்துவிட்டார். விடுதலையாகிப் பேருந்தில் வந்திறங்கும் பெண்ணைத் தரகர்கள் அணுகுமுன் தாம் அணுகி, படுக்க இடம் உண்டு, வா என்று அழைத்தார். அவருக்கு முன்னர் எவரும் அவரை அவ்வாறு அழைத்ததில்லை என்பதே அவர் அழைத்ததன் காரணம்.

அமெரிக்கா வரை போக வேண்டுவதில்லை. நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே அரிசி ஆலைகளிலும் செங்கற்சூளைகளிலும் கொத்தடிமைகளாயிருந்து, 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் உண்டு. மீட்கப்பட்டோர் சங்கமாகக் கூடி, இன்னும் மீளாதோரைத் தேடிச் செல்கின்றனர். சூளையின் எந்த மூலையில் அச்சம் உறைகிறது என அதிகாரியினும் அவர்களே நன்கறிவர். 1989 இல் தருமபுரியில் தொடங்கி, பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் இதே நெறியின. வங்கி கேட்கும் ஈட்டுக்கு மாறாக அங்கே தோழியரின் சொல் நிற்கிறது. அதுவும் ஒருவகைப் பிணையே.

2023 ஆகஸ்டில் புழலில், பெண் சிறைவாசிகளே பணியாற்றும் பெட்ரோல் விற்பனை நிலையம் ஒன்றைத் தமிழகச் சிறைத்துறை திறந்தது. உள்ளிருக்கும்போதே ஊதியமும் தொழிலும் கற்கும் வாய்ப்பு அது, பாராட்டுக்குரியது. ஆயின் அங்குக் கற்ற தொழிலை விடுதலைக்குப் பின் தொடர வேலை கொடுப்போர் வேண்டும். கும்மிடிப்பூண்டி நெடுஞ்சாலையில் பெட்ரோல் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் குறைவில்லை. குறைவது ஒன்றே: "இவளுக்கு நான் பொறுப்பு" என்னும் சொல்.

ஐயங்களும் விடைகளும்

"ஒத்த குற்றம் புரிந்தோர் ஒன்றுகூடினால் பழைய வழிக்கே திரும்பமாட்டார்களா?" எனப் பெரியோர் சிலர் கேட்கலாம். நேரிய வினாவே. ஆனால் அவர்கள் இப்போதும் ஒன்றுகூடித்தான் இருக்கிறார்கள்: நீதிமன்ற வராந்தாவில், சாராயம் விற்கும் சந்தில், கந்துவட்டிக்காரரின் திண்ணையில். நல்ல நோக்கத்தோடு கூட ஓர் இடம் இல்லை என்பதே குறை.

"இது பாவத்தை ஏற்பதாகாதா?" என்பது அடுத்த ஐயம். மதுவை இசுலாம் விலக்கியது. அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. எனினும் அவ்விலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை, படிப்படியாக அருளப்பெற்றது. பழகிய மனத்தின் வலுவின்மையை இறைவன் அறிவான். மது அருந்தித் தண்டனை பெற்ற ஒருவரைச் சிலர் சபித்தபோது, அவருக்கெதிராக ஷைத்தானுக்குத் துணைபோக வேண்டா என நாயகம் (ஸல்) தடுத்த செய்தி நபிமொழித் தொகுப்பில் உண்டு. பாவத்தை வெறுப்பது வேறு; மீள்வோரின் முகத்தில் கதவடைப்பது வேறு. பின்னது மீண்டும் பாவத்துக்கே வழிகாட்டும்.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத்தக்கது. தோழமை மருந்துக்கு மாற்றன்று. நெடுநாள் குடித்தோர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிரிடரும் நேரலாம். மருத்துவர் மேற்பார்வை கட்டாயம் வேண்டும். அவ்வாறே, பிறருக்குத் துணைநிற்கும் பெண்ணும் தளர்ச்சி உடையவளே. ஊதியமோ ஓய்வோ இன்றி அவள் தோளில் எல்லாரையும் ஏற்றிவைப்பது சுரண்டலாகும். மேடையேற்றிப் பொன்னாடை போர்த்திப் புகைப்படம் எடுத்து, அவள் கடந்தகாலத்தை ஊரறியச் செய்வது அதனினும் கொடிது. மறைபொருள் காத்தலே இப்பணியின் முதல் ஒழுக்கம்.

நாம் செய்யத்தக்கன

மாணவச் செல்வங்களே! சட்ட உதவி மனு எழுதவும், மறுவாழ்வுத் திட்டப் படிவம் நிரப்பவும், வங்கிக் கணக்குத் தொடங்கவும், எழுத்தறியாப் பெண்ணுக்கு உங்கள் எழுத்தறிவு துணைநிற்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்னும் இலவசத் தொலைபேசி எண் உண்டு என்பதை உங்கள் தெருவுக்குச் சொல்லலாம். அதற்கு முன்பாக ஒன்று: 'குடிகாரி' என்னும் சொல்லை உங்கள் நாவிலிருந்து நீக்குங்கள்.

ஆசிரியப் பெருமக்களே! வாரத்தில் ஒரு நாள், ஒரு மணிநேரம், ஓர் அறை. அவ்வளவே கேட்கிறோம். சிறையும் போதையும் மீண்ட பெண்கள் தமக்குள் பேச ஓரிடம். நாம் உள்ளே அமர வேண்டா. தேநீரும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும் ஏற்பாடு செய்தால் போதும்.

சமுதாயப் பெரியோரே! திருக்குர்ஆன் ஜகாத்துக்கு உரியோராகக் கூறும் எட்டு வகையினரில் வறியோர், கடனாளிகள், தளையிலிருந்து விடுவிக்கப்பட வேண்டியோர் ஆகியோரும் அடங்குவர். நம் பைத்துல்மால் நிதி சிறை மீண்ட பெண்ணின் முதல் மூன்று மாத வீட்டு வாடகையாக மாறலாகாதா என ஆலிம் பெருமக்கள் கூடி ஆராய்தல் வேண்டும். ஆலை நடத்துவோர் நம்மிடையே உள்ளனர். ஆண்டுக்கு ஒரு பெண்ணுக்கேனும் அவர்கள் வேலை தரலாம். உதவி பெறுபவள் எச்சமயத்தவள் எனக் கேளாதிருப்பதே அவ்வறத்துக்கு அழகு. மான் எம்மார்க்கத்தைச் சேர்ந்தது என நாயகம் (ஸல்) கேட்கவில்லை.

மணிமேகலை தன் அமுதசுரபியோடு புகார் நகரத்துச் சிறைக்குள் புகுந்து, பசித்தோர்க்கு உணவளித்து, அரசனிடம் வரம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பின்னர் அவளே சிறைப்பட்டாள். அரசமாதேவி அவளுக்கு அறிவு மயக்கும் மருந்தும் ஊட்டினாள். சிறையையும் மயக்கத்தையும் வென்றெழுந்த அவள், தன்னை வருத்திய அத்தேவிக்கே ஆறுதல் கூறினாள். துன்புற்றவளே துன்புற்றோரைத் தேற்ற வல்லவள் என்னும் உண்மையைத் தமிழ் என்றோ அறிந்திருக்கிறது.

திருக்குர்ஆனின் 12 ஆம் அத்தியாயத்தில் மற்றொரு சிறை வருகிறது. பழியேற்றுச் சிறைப்பட்ட யூசுஃப் (அலை) அவர்கள், உடனிருந்த ஒருவரின் கனவுக்குப் பொருள் கூறி, நீ விடுதலையானதும் உன் அரசனிடம் என்னை நினைவூட்டு என்கிறார்கள். வெளியேறியவர் மறந்துவிடுகிறார். நபியவர்கள் மேலும் சில ஆண்டுகள் சிறையிலேயே தங்க நேர்கிறது. ஒருவரின் மறதி மற்றொருவரின் ஆண்டுகளைத் தின்றது. சிறை மீண்ட பெண்கள் தம் பின்னோரை மறப்பதில்லை என்பதைக் கும்மிடிப்பூண்டியில் கண்டோம். மறப்பவர் நாமே.

அந்தப் பெண்மணிக்கு இப்போது நம் கையெழுத்து வேண்டியதில்லை. ஆனால் அவரைப்போல் மற்றொருவர் நாளை வரலாம். அன்று "நாளை வாருங்கள்" எனச் சொல்லாதிருக்க வல்ல இறைவன் நமக்கு நெஞ்சுரம் அருள்வானாக!